ஏலக்காரர் வீட்டுத் தட்டு

பரவால்ல, விடுங்க தம்பி. சட்டைதானே, துவைச்சா போகுது. ஆரஞ்சு சாறு கறை பிடிக்குமேன்னு பாக்குறீங்களா? இந்தச் சட்டையில தக்காளி பட்டிருக்கு, பீட்ரூட் பட்டிருக்கு, வாழைக்காய்ப் பால் பட்டு போகாமலே நின்னுருக்கு. பச்சப்புள்ள துப்புனதுக்கா மூஞ்சியச் சுளிக்கப் போறேன்? அடிக்காதீங்க அவள, பாவம். எத்தனை வயசு? ரெண்டா? ரெண்டு வயசுல துப்பத்தான் செய்யும். இந்தா என் மடியில தூங்குறா பாருங்க, இவளுக்கு வர்ற ஆவணி வந்தா நாலு. இவ துப்பாத துப்பா? எங்க வீட்டு எதிர்ச்சுவர்ல போய்ப் பாருங்க, வெள்ளையடிக்கணும்.

உடுமலையில பஸ் ஏறுனதுல இருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். அந்த ஒத்த ஆரஞ்ச வச்சுக்கிட்டு நீங்களும் தலைகீழா நின்னு பாக்குறீங்க. உங்க வீட்டம்மாவும் முன்னாடி சீட்ல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? புள்ளைக்குக் காய், பழம் சாப்பிடப் பழக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. அத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன். சொல்லட்டுமா?

சத்தமாப் பேசுறேனா? தொழில் அப்படி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய்கறிக் கமிஷன் கடையில ஏலம் விடுறேன். பேரு வீரக்குமார். ஆனா பேரு சொல்லிக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, ஏலக்காரர்னு கேட்டா சின்னப்புள்ள கூட வழி காட்டும். பதினாலு வருசமா தொண்டையிலதான் பொழப்பு. மூட்டை வந்து இறங்கணும், நான் மேல ஏறி நிக்கணும், கேரளா வியாபாரி, மதுரை வியாபாரி எல்லாரும் சுத்தி நிப்பாங்க, "வெண்டை, வெண்டை, பிஞ்சு வெண்டை"ன்னு ஒரு குரல் குடுத்தேன்னா தூங்குறவன் எந்திரிச்சு வந்து ஏலம் கேப்பான். என் பொஞ்சாதி சொல்லுவா, உங்க வாய மூடுறதுக்கு இனிமே ஒருத்தர் பொறந்து வந்தாத்தான் உண்டுன்னு.

அப்படிப்பட்டவன் வீட்ல, தம்பி, இவ வந்து பொறந்தா. மிதுனா. காய்னா ஆகாது, பழம்னா ஆகாது.

என்ன சாப்பிடுவா? தயிர்சாதம், அப்பளம், முட்டை. உருளைக்கிழங்கு சாப்பிடுவா, ஆனா உருளைக்கிழங்கக் காய்ல சேர்க்காதீங்க, அது தனி சாதி. கீரையக் கண்டா கண்ண மூடிக்குவா. வாழைப்பழம் மோந்து பாக்கக்கூட மாட்டா. ஊரே வந்து காய் எடுத்துட்டுப் போற மார்க்கெட்ல நிக்கிறேன், தினம் ஒரு பை காய் வீட்டுக்கு வருது, அதுவும் நான் கையால பொறுக்கி எடுத்த முதல் ரகம். கொண்டு போய் வச்சா ராணி திரும்பிப் பாக்காது.

ஆனா ஒண்ணு, சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. சாயங்காலம் ஏலம் முடிஞ்சு நான் வந்ததும் அப்பாவும் மகளும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். அவ தட்டு என் தட்டோட ஒட்டி இருக்கணும், இல்லேன்னா சோறு இறங்காது அவளுக்கு. சாம்பார ஊத்துனா, அதுல கிடக்குற காய ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டோரத்துல அடுக்குவா பாருங்க. பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், கழிவு தனியா. எங்க கடையில ரகம் பிரிக்கிற பொம்பளைங்க இருக்காங்க, இருவது வருச அனுபவம், அவங்க கூட அவ்வளவு சுத்தமாப் பிரிக்க மாட்டாங்க. மூணு வயசுல இது! "சுகந்தி, இங்க பாருடி, என் மக ரகம் பிரிக்கிறா"ன்னு நான் பொஞ்சாதியக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவ என்னையும் பாத்தா, என் தட்டையும் பாத்தா, உள்ள போயிட்டா. பொம்பளைங்களுக்கு இதுலெல்லாம் ரசனை கம்மி தம்பி.

யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல.

எனக்கா? ஐயோ, வேண்டாங்க தம்பி. புள்ளைக்கு வச்சிருக்கீங்க, நீங்க சாப்பிடுங்க. இல்லங்க, நிஜமாத்தான். எனக்குப் பழம் ஒத்துக்காது, தொண்டை கட்டிக்கிரும். ஏலக்காரனுக்குத் தொண்டை முக்கியம் இல்லையா? காயும் அப்படித்தான், நான் அவ்வளவாத் தொடுறதில்ல. பொழுதன்னைக்கும் அதும் மேலயே நின்னு கத்துறவன், வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியிலயே முழிக்க முடியுமா, சொல்லுங்க. நான் பெரியவன், நான் எதத் தின்னாலும் உடம்பு தாங்கிரும். வளர்ற புள்ளைக்கு அப்படியா?

அதான், வழி சொல்றேன்னு சொன்னேனே. முதல்ல எதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிர்றேன், உங்களுக்கு உதவும்.

ஒளிச்சு வைக்கிறது ஆகாது. சுகந்தி பண்ணிப் பாத்தா. பீட்ரூட்ட அரைச்சு தோசை மாவுல கலந்து, பூ மாதிரி சின்னச் சின்னதா ஊத்தி, மேல நெய் விட்டு, "மிதுக்குட்டிக்கு ரோஸ் தோசை"ன்னு கொண்டு வந்து வச்சா. இவளும் கைய நீட்டிட்டா. அந்த நேரம் பாத்து எனக்கும் ஒண்ணு வச்சா. நான் ஒரு விள்ளல் வாயில போட்டேன், போட்ட மறு நிமிசம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏலக்காரன்கிட்டயா? "ஏ, இதுல பீட்ரூட்டுல்ல கிடக்கு!"ன்னு சொல்லித் தட்டத் தள்ளி வச்சேன். அவ்வளவுதான். இவளும் தள்ளி வச்சுட்டா. அதுக்கப்புறம் சுகந்தி எது சுட்டாலும் புள்ள என் முகத்தப் பாக்கும், நான் என்ன சொல்றேன்னு. கேரட் இட்லியும் அப்படித்தான் போச்சு. சுரைக்காய் அடையும் அப்படித்தான் போச்சு. ஒளிச்சு வச்சா புள்ளைங்க கண்டுபிடிச்சிரும் தம்பி. அதுங்க கண்ணுல மண்ணத் தூவ முடியாது.

பயமுறுத்துறதும் ஆகாது. எங்க பக்கத்து வீட்டம்மா, கீரை தின்னாட்டி ஊசி போடுற நர்ஸ் வருவாங்கன்னு சொல்லிக் குடுத்துச்சு. இவ நர்ஸுக்கு வாசல்ல கோலம் போட்டு வச்சுட்டு, "வரச் சொல்லு"ன்னு உக்காந்துட்டா. அவ்வளவு தைரியம்.

அப்புறம்தான் நான் களத்துல இறங்குனேன். யோசிச்சேன், நமக்குத் தெரிஞ்ச தொழில் என்ன? ஏலம். அத வச்சே அடிச்சிருவோம். ஒரு நாள் சாயங்காலம் தட்டு முன்னால எந்திரிச்சு நின்னு, இடுப்புல துண்டக் கட்டி, "பீன்ஸ், பீன்ஸ், கொடைக்கானல் பீன்ஸ்! அஞ்சு வாய்க்குப் போகுது, அஞ்சு வாய், யாரு கேக்குறா?"ன்னு ஒரு குரல் விட்டேன். புள்ள கை தட்டிக்கிட்டு எந்திரிச்சிருச்சு! "நான்! நான் கேக்குறேன்!"

எத்தனை வாய் கேக்குறே?

"ஒரு வாய்!"

கட்டுப்படியாகாதும்மா, மூணு வாய்க்கு மேல கேளு.

"அரை வாய்!"

என்ன தம்பி பண்ணுவீங்க, ஏலக்காரன் ரத்தம்! கேரளா வியாபாரி கூட அப்படிக் குறைச்சுக் கேக்க மாட்டான். சரி, அரை வாய் ஒரு தரம், அரை வாய் ரெண்டு தரம், அரை வாய் மூணு தரம்னு முடிச்சு, அரைத் துண்டு பீன்ஸ வாயில வச்சேன். மென்னா. முழுங்குனா. நம்ப மாட்டீங்க, நான் அப்படியே பொஞ்சாதியப் பாத்தேன், அவ கண்ணு கலங்கிருச்சு. பத்து நாள் நடந்துச்சு அந்த ஏலம். அரை வாய் ஒரு வாய் ஆச்சு, ஒரு வாய் ரெண்டு வாய் ஆச்சு. அவரைக்காய் உள்ள போச்சு, முருங்கைக்காய்ச் சதை உள்ள போச்சு. எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு.

பதினோராவது நாள்தான் கெட்டுச்சு. எப்படிக் கெட்டுச்சுன்னு எனக்குப் புரியவே இல்ல, நீங்களே கேளுங்க. அன்னைக்கு இவ துண்டப் பிடுங்கி இடுப்புல கட்டிக்கிட்டா. "இன்னைக்கு நான் ஏலக்காரி. அப்பா, நீ கேளு. கத்திரிக்காய், கத்திரிக்காய்! அஞ்சு வாய்க்குப் போகுது!" அப்படியே என் குரல், அந்த இழுவை, எல்லாம். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சிருச்சு. "கேளுப்பா, எத்தனை வாய்?"ங்குறா. நான் என்ன சொல்லணும்? உள்ளதச் சொன்னேன். "அம்மாடி, அப்பா ஏலக்காரர். ஏலம் விடுறவன் ஏலம் கேக்கக்கூடாது. அது மார்க்கெட் சட்டம்." பொய்யா தம்பி? எங்க கடையில அதான் நடைமுறை. ஏலம் விடுறவனே சரக்கக் கேட்டா வியாபாரிங்க நம்புவாங்களா?

புள்ள துண்ட அவுக்கல. "அப்ப நானும் ஏலக்காரி. நானும் கேக்க மாட்டேன்"னு சொல்லிட்டு உக்காந்து, கத்திரிக்காய எடுத்துத் தட்டோரத்துல அடுக்க ஆரம்பிச்சுட்டா.

அதோட சரி. மறுநாள் நான் துண்டக் கட்டுனா, அவளும் ஒரு துண்டக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா. ஏலம் விட ரெண்டு பேரு, கேக்க ஆள் இல்ல. எந்த மார்க்கெட் நடக்கும்?

சிரிக்கிறீங்க. சிரிங்க. எனக்கும் சொல்லும்போது சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் நடந்தது சிரிப்பில்ல. சித்திரை மாசம் புள்ளைக்கு வயிறு கட்டிருச்சு. மூணு நாள், நாலு நாள், வெளிய போகல. போக வச்சா கத்துறா. கக்கூஸ்ல சுகந்தி கழுத்தக் கட்டிக்கிட்டு, "வலிக்குதும்மா, வேண்டாம்மா"ன்னு அது அழுகுற அழுகை இருக்கே, நான் கதவுக்கு வெளிய நின்னு சுவத்துல முட்டிக்கிட்டு நின்னேன். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். மருந்து குடுத்தாரு. ரத்தமும் கம்மியா இருக்குன்னாரு. "காய், பழம், கீரை குடுங்க. மருந்து இன்னைக்குத்தான் உதவும், நாளைக்குச் சாப்பாடுதான். அப்பா என்ன வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டாரு. நான் சொன்னேன். அந்த மனுசன் கண்ணாடியக் கழட்டி என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. பேய் முழி முழிச்சுக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்து சுகந்திகிட்ட சத்தம் போட்டேன். தப்புத்தான். "உனக்குக் காய் வைக்கத் தெரியல, ருசியா வச்சா ஏன் திங்காது?"ன்னு கேட்டேன். அவ அதுக்கப்புறம் ஒரு வாரம் பேசல. காய் மட்டும் தினம் வச்சா, ரெண்டு தட்டுலயும். ரெண்டு தட்டோரத்துல இருந்தும் வழிச்சு எடுத்துட்டுப் போயிருவா.

அப்பத்தான் எங்கக்கா தமயந்தி வந்தா. கூடப்பொறந்த அக்கா, உடுமலையில கட்டிக் குடுத்திருக்கு. ஒரு நாள் தங்குனா. சாயங்காலம் நானும் புள்ளையும் சாப்பிட உக்காந்தோம், எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. என்ன தோணுச்சோ, திடீர்னு வாயப் பொத்திக்கிட்டு ஒரே சிரிப்பு. சுகந்தியும் சேந்துக்கிட்டா. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு கேட்டா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு மறுபடியும் சிரிக்கிறாங்க. மறுநாள் காலையில அக்கா சொல்லிட்டா. "பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள ஒரு மாசம் புள்ளைய என்கிட்ட விடு. சுகந்தி எப்ப வேணாலும் வரட்டும், போகட்டும். நீ வரக்கூடாது."

ஏன்க்கா?

"வரக்கூடாதுன்னா வரக்கூடாது."

தம்பி, பெத்த அப்பனை வராதேன்னு சொன்னா எப்படி இருக்கும்? எனக்கு மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. ஆனா புள்ளை அழுத அழுகை காதுலயே நின்னுச்சா, சரின்னு விட்டுட்டேன். வீடு வெறிச்சோன்னு போச்சு. தனியா உக்காந்து சாப்பிட்டேன். பக்கத்துல சின்னத் தட்டு இல்ல.

பத்தாவது நாள் சுகந்தி போன்ல ஒரு வீடியோ காட்டுனா. இவ சப்பணம் போட்டு உக்காந்து சுரைக்காய்க் கூட்டு சாப்பிடுறா! தானா எடுத்து! அதுக்கு மேல, "அத்தை, இன்னும் கொஞ்சம்"ங்குறா! நான் அந்த வீடியோவ மூட்டை மேல ஏறி நின்னு எல்லா வியாபாரிக்கும் காட்டுனேன். அப்புறம் சந்தேகம் வந்துச்சு. அக்காவுக்குப் போன் போட்டு, "உண்மையச் சொல்லு, அதுல என்ன போட்டே?"ன்னு கேட்டேன்.

"உப்பு போட்டேன்டா"ன்னா.

புள்ளைய அடிக்கிறியா? மந்திரிச்சியா?

"நாங்க எல்லாரும் உக்காந்து சாப்பிடுறோம். அதுவும் உக்காந்து சாப்பிடுது"ன்னு சொல்லி போன வச்சுட்டா. எதையோ மறைக்கிறான்னு எனக்குத் தோணுச்சு.

இன்னைக்கு மார்க்கெட் லீவு. மாசமும் முடிஞ்சு போச்சு. புள்ளையக் கூட்டியாரப் போனேன். என்னைக் கண்டதும் ஓடி வந்து கால்ல கட்டிக்கிட்டா. கன்னமெல்லாம் பளபளன்னு, ஆளே மாறிட்டா. மத்தியானம் அக்கா எங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல தட்டு வச்சா. பீர்க்கங்காய்க் கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல், ரசம். இவ பாட்டுக்கு வெண்டைக்காய எடுத்து வாயில போட்டு மொறுக் மொறுக்குன்னு மெல்லுறா. எனக்குச் சந்தோசம்னா சந்தோசம், கண்ணு அங்கயும் இங்கயும் போகல, அவ வாயவே பாத்துக்கிட்டு நான் பாட்டுக்குச் சாப்பிடுறேன்.

திடீர்னு நிறுத்திட்டா.

என் தட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. அங்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. எப்பவும் போல வெண்டைக்காயக் கொஞ்சம் ஓரமா எடுத்து வச்சிருந்தேன், பீர்க்கங்காய அதுக்குப் பக்கத்துல. அவ்வளவுதான். புள்ள என் தட்டப் பாக்குறா, அவ தட்டப் பாக்குறா. அப்புறம் வாயில இருந்தத எடுத்தா. எடுத்து, தட்டோரத்துல வச்சா. கூட்டுல இருந்து ஒரு துண்ட எடுத்து அதுக்குப் பக்கத்துல. அடுத்தது. அடுத்தது. வரிசையா.

"ஏன் சாமி, நல்லாத்தானே சாப்பிட்டே?"ன்னு அக்கா கேட்டா.

இவ என்ன சொன்னா தெரியுமா? "அத்தை வீட்ல நான் வியாபாரி. இப்ப அப்பா வந்துட்டாருல்ல, இப்ப நான் ஏலக்காரி. நாங்க கேக்க மாட்டோம்."

நாங்களாம் தம்பி. நாங்க.

நான் கை கழுவப் பின்னால போனேன், அக்கா கூடவே வந்தா. தண்ணி ஊத்திக்கிட்டே மெதுவாச் சொன்னா, "உன்னை வராதேன்னு ஏன் சொன்னேன்னு இப்பவாவது தெரியுதாடா?"

என்னைப் பாத்த சந்தோசத்துல சாப்பாடு இறங்கலக்கான்னு சொன்னேன்.

அவ செம்பக் கீழ வச்சுட்டா. எங்கப்பா ஒரு மாதிரி தம்பி, உங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வச்சாலும் பெல்ட்டக் கழட்டிருவாரு. எனக்குச் சின்னதுல இருந்தே காய் இறங்காது. அக்காதான் பக்கத்துல உக்காந்து, அப்பா குனியுற நேரம் பாத்து, என் தட்டுல இருக்குற காயெல்லாம் அள்ளி வாயில போட்டுக்குவா. எத்தனை வருசம்! அவளுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும். அதெல்லாம் மறந்தே போச்சு எனக்கு. அவ மறக்கல. கன்னத்துல தட்டிச் சொன்னா, "உன் காயெல்லாம் நான் தின்னு தீத்தேன்டா. உன் புள்ள ஒதுக்குற காய யாருடா திம்பா?"

புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

பயமா இருக்கு தம்பி. சொல்றதுக்கென்ன வெக்கம். இன்னைக்குச் சாயங்காலம் வீட்ல ரெண்டு தட்டு போட்டு உக்காருவோம். ஒரு மாசம் அக்கா பாடுபட்டதெல்லாம் ஒரே வேளையில போயிருமோன்னு இருக்கு. மறுபடியும் அந்தக் கக்கூஸ் கதவுக்கு வெளிய நிக்க எனக்குத் தெம்பு இல்ல. தனித்தனியா உக்காந்து சாப்பிட்டா சரியாப் போகுமான்னு யோசிக்கிறேன். நான் தின்னுட்டேன்னு சொல்லிட்டு வெளிய நின்னுக்கலாம். இல்ல, புள்ள தூங்குன பிறகு நான் சாப்பிடலாம். என்ன பாக்குறீங்க? வேற என்ன வழி இருக்குங்குறீங்க?

ஆங், ஆயக்குடி வந்துருச்சு. பாருங்க, கூடையத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. கொய்யாவுக்குன்னே பொறந்த ஊரு இது. யம்மா, ஜன்னல்ல இடிக்காதீங்கம்மா, புள்ள தூங்குது. போச்சு, எந்திரிச்சுட்டா. ஒண்ணும் இல்லடா, கொய்யாக்காரங்க. தூங்கு.

என்னடா தங்கம்? கொய்யாவா? உனக்கா?

தம்பி, கேட்டீங்களா! கொய்யா வேணுங்குறா! யம்மா, ஒண்ணு குடுங்க. பெருசா, நல்லா வெளுத்த பழமா. அது இல்ல, அதுக்கு அடியில இருக்கு பாருங்க, அது. ஏலக்காரன் கண்ணு தம்பி, ஏமாத்த முடியாது. இந்தாடா. கடி. அப்படித்தான். பாத்தீங்களா எப்படிக் கடிக்கிறா! உங்க பாப்பாவும் பாக்குது பாருங்க, வாயத் திறந்துக்கிட்டு.

என்னம்மா? அப்பாவுக்கா? வேண்டாம்டா, நீ சாப்பிடு. அப்பாவுக்குத் தொண்டை. அப்பாதான் ஏலக்காரர்ல, அப்பா கேக்கக்...

இரு, இரு. அத ஏன் கீழ வைக்கிறே? நல்ல பழம்டா. கடிச்சது பாதியில அப்படியே சீட்டு ஓரத்துல வச்சா எப்படி? நீ சாப்பிடு கண்ணு. அப்பாவப் பாக்காத, அப்பா வெளிய வேடிக்கை பாக்குறேன், நீ சாப்பிடு.

சாப்பிட மாட்டேங்குறா தம்பி. என் முகத்தையே பாக்குறா. பீட்ரூட்டுத் தோசை அன்னைக்கும் இப்படித்தான் பாத்தா. அன்னைக்கு...

ஓ.

அன்னைக்கும் என்னையத்தான் பாத்தாளா?

அட எங்கம்மா. அக்கா சிரிச்சது இதுக்கா? இதுக்குத்தானா?

தம்பி, அந்தத் துண்டக் கொஞ்சம் எடுங்க. என் துண்டுதான், உங்க காலுக்குப் பக்கத்துல விழுந்துருச்சு. இந்தாடா மிது, துண்டு. கட்டிக்கோ இடுப்புல. எந்திரிச்சு நில்லு, அப்பா பிடிச்சுக்குறேன். நீதான் ஏலக்காரி. நான்? நான் ஏலக்காரன் இல்லடா, இன்னைக்கு மார்க்கெட் லீவு. இன்னைக்கு அப்பா வியாபாரி. நாளைக்குமா? நாளைக்கும் வீட்டுக்கு வந்தா வியாபாரிதான். தினமும்தான்டா. சத்தியமா. ஏலத்தை விடு.

எப்படிக் கூவுறா பாருங்க, கண்டக்டரே திரும்பிட்டாரு. அஞ்சு வாயா? கட்டுப்படியாகாதும்மா. அரை வாய் கேக்குறேன். மாட்டியா? சரி, ஒரு வாய். ஒரு தரமா, ரெண்டு தரமா, சொல்லு. மூணு தரம். முடிஞ்சுது. குடு.

விதை நறநறன்னு இருக்குங்க. என்னத்தத்தான் இதுல கண்டாங்களோ. துப்புறதா? எப்படித் துப்புறது, பாத்துக்கிட்டுல்ல இருக்கா. உங்க பாப்பாவும் சேந்து பாக்குது.

உள்ள போயிருச்சு தம்பி.

பாருங்க, கடிச்சுட்டா. நான் முழுங்குனதப் பாத்துட்டு அவளும் கடிச்சுட்டா. இந்தக் கண்ணு ஏன் கலங்குதோ. ஒண்ணும் இல்லடா, கொய்யா காரம். காரம் இல்லையா? சரி, இல்ல.

ஆமா தம்பி, அந்த வழி சொல்றேன்னேன்ல, புள்ளையப் பழக்குறதுக்கு, அது என்னன்னா... இருங்க, மறுபடியும் நீட்டுறா. அடுத்த ஏலமாம். ஒட்டன்சத்திரம் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். பழமும் பெரும்பழமாத்தான் பொறுக்கி எடுத்துட்டேன். இருங்க தம்பி, வாயில பழம். முழுங்கிட்டுப் பேசுறேன்.